மீன் தொட்டிக் கண்ணாடியில் விரிசல் விழுந்தால்

எங்கள் வீட்டு மூன்றடித் தொட்டி விரிசல் விட்ட அன்று, நான் முதலில் தேடி எடுத்தது பசை டியூபைத்தான். விரிசலின் மேல் தடவிவிட்டால் இப்போதைக்குத் தண்ணீர் நிற்கும், மாலைக்குள் வேறு வழி பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணினேன். நல்லவேளையாக அதற்கு முன் கொளத்தூரில் தொட்டி ஒட்டித் தரும் அண்ணன் ஒருவருக்குப் போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “தம்பி, தொட்டி ஒழுகுதா, இல்ல கண்ணாடி விட்டிருக்கா? அத முதல்ல பாத்துச் சொல்லுங்க. ஒழுகுச்சுன்னா ஒட்டிக்கலாம். கண்ணாடி விட்டிருந்தா பசை வேலைக்கு ஆகாது.”

புதிதாக மீன் வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு இந்தக் கேள்வியைத்தான் முதலில் சொல்லித் தர வேண்டும் என்று நினைக்கிறேன். தரையில் தண்ணீர் தேங்கியிருப்பதைப் பார்த்தால் நமக்கு எல்லாமே ‘ஒழுகல்’தான். ஆனால் இரண்டு கண்ணாடிகள் சேரும் மூலையில் உள்ள சிலிகான் (ரப்பர் போல இறுகும் ஒட்டுப்பசை) பிசுபிசுத்து விடுபட்டு ஒழுகுவது ஒன்று. கண்ணாடிப் பலகையே பிளந்து, அந்தப் பிளவு வழியாகக் கசிவது வேறொன்று. முன்னதைப் பொறுமையும் ஒரு டியூப் சிலிகானும் இருந்தால் வீட்டிலேயே சரிசெய்யலாம். பின்னதில், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிசல் இன்னும் நீளலாம்.

அதைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன், கண்ணில் பட்ட உடனே செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலில் மின்சாரம். ஹீட்டர், ஃபில்டர், விளக்கு எல்லாவற்றின் ஸ்விட்சையும் அணைத்து பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். பிளக் போர்டு தொட்டிக்குக் கீழே இருந்து, அதன் மேல் தண்ணீர் சொட்டியிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வாருங்கள். மீனைப் பற்றிய பதற்றத்தில் நாம் ஈரத்தில் நின்றபடி கையைத் தண்ணீருக்குள் விட்டுவிடுவோம். அந்த அரை நிமிடம்தான் ஆபத்து.

அடுத்தது, ஒரு குழாயை வைத்து வாயால் உறிஞ்சியோ, குவளையால் மொண்டோ தண்ணீரை இறக்குங்கள். விரிசலுக்குக் கீழே மட்டம் போகும்வரை இறக்க வேண்டும். அடிக் கண்ணாடியில் விரிசல் என்றால் முழுவதும் காலி செய்ய வேண்டியதுதான். இறக்கும் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். மீன்களுக்கு இன்று அதுதான் வீடு. சோப்புத் தூளோ பினாயிலோ படாத வாளி, சாப்பாட்டுக்கு வைத்திருந்த பெரிய டிரம், வண்ணமீன் கடையில் பார்சலுக்கு வரும் தெர்மாகோல் பெட்டி, எது இருந்தாலும் அதில் பழைய தண்ணீரை ஊற்றி மீன்களை மாற்றுங்கள். ஏர் பம்ப்பின் டியூபை அதில் போட்டு, மேலே வலையோ துணியோ கட்டுங்கள். பழகாத இடத்தில் மீன்கள் துள்ளி வெளியே விழும்.

ஃபில்டரை மறந்துவிடக் கூடாது. அதன் பஞ்சிலும் கற்களிலும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றி மீனைக் காப்பவை அவைதான். பஞ்சைப் பிழிந்து வெயிலில் காயப் போட்டால் பல வாரமாக வளர்ந்த அந்தக் கூட்டம் அழிந்துபோகும். அதே வாளியில் ஃபில்டரை ஓட விடுங்கள். ஓட விட முடியாவிட்டால் பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் மூழ்க வைத்து அருகில் ஒரு ஏர் ஸ்டோனைப் போடுங்கள். விரிசல் விட்ட தொட்டியில் பிழைத்த மீன்கள், ஒரு வாரம் கழித்து புதுத் தொட்டியில் சாவதற்குப் பெரும்பாலும் இந்தப் பாக்டீரியாக்கள் அழிந்துபோவதுதான் காரணம்.

தண்ணீர் எவ்வளவு தள்ளுகிறது?

தண்ணீரைக் கொஞ்சம் இறக்கினாலே ஏன் பெரிய வித்தியாசம் வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால், விரிசலை ஏன் பசை தடவி அடைக்க முடியாது என்பதும் தானாகப் புரியும்.

நீளம் 2 அடி, அகலம் 1 அடி, உயரம் 1 அடி உள்ள சாதாரணத் தொட்டியில் சுமார் 56 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அந்தத் தண்ணீர் முன்பக்கக் கண்ணாடியை வெளியே தள்ளும் விசை ஏறக்குறைய 28 கிலோ எடைக்குச் சமம். ஒரு சிமென்ட் மூட்டையில் பாதிக்கு மேல். எங்கள் வீட்டுத் தொட்டி 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். அதில் 190 லிட்டர். முன் கண்ணாடியின் மேல் கிட்டத்தட்ட 95 கிலோ. ஒரு ஆள் இரவு பகலாக அதன் மேல் சாய்ந்து நிற்பது போல.

இந்தத் தள்ளல் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. மேலே கிட்டத்தட்டப் பூஜ்யம். கீழே போகப் போக அதிகம். தொட்டியின் அகலம் எத்தனை இருந்தாலும் கணக்கில் வராது. ஆழம் மட்டும்தான் பேசும். உயரம் இரண்டு மடங்கானால் அதே நீளமுள்ள கண்ணாடியின் மேல் விசை நான்கு மடங்காகும். அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: தண்ணீரைப் பாதியாக இறக்கினால் விசை கால் பங்குதான். 95 கிலோ 24 கிலோவுக்குள் அடங்கிவிடும். அவசரத்தில் நீங்கள் மொண்டெடுக்கும் முதல் நான்கைந்து வாளிகள் அத்தனை பெரிய வேலையைச் செய்கின்றன.

உயரமான தொட்டி பார்க்க அழகாக இருக்கும். அதை வாங்க நினைக்கிறவர்களிடம் நான் இந்த ஒரு கணக்கைத்தான் சொல்வேன். மீனுக்கு நீந்த வேண்டியது நீளமும் அகலமும். உயரம் பெரும்பாலும் நம் கண்ணுக்காக.

விரிசல் ஏன் நிற்பதில்லை?

கண்ணாடிக் கடையில் வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு ஒரே ஒரு கோடு இழுப்பார். பிறகு மேசை விளிம்பில் வைத்து மெல்ல அழுத்துவார். ‘டக்’. கோடு போட்ட வழியிலேயே கண்ணாடி இரண்டாகும். அவர் போட்டது மேலோட்டமான கீறல்தான், கண்ணாடியை ஊடுருவவே இல்லை. அந்தக் கீறல் பிளவுக்கு வழி காட்டியது, அவ்வளவுதான்.

கண்ணாடி நசுக்கலை நன்றாகத் தாங்கும். இழுப்பைத் தாங்காது. தண்ணீர் தள்ளும்போது முன் கண்ணாடி மிகச் சிறிதளவு வெளியே புடைக்கிறது. அப்போது அதன் வெளிப்பக்கம் இழுபடுகிறது. இழுப்பு முழுப் பலகையிலும் பரவியிருக்கும்வரை கவலையில்லை. எங்காவது ஒரு விரிசல் இருந்தால், அதைச் சுற்றிப் போக வேண்டிய இழுப்பெல்லாம் விரிசலின் நுனியில் வந்து குவிகிறது. இரும்பாக இருந்தால் அந்த நுனி சற்றே வளைந்து கொடுத்து மழுங்கிவிடும். கண்ணாடிக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது. நுனி கூர்மையாகவே இருக்கும், இன்னும் பிளக்கும்.

விரிசல் எப்போது மேலும் நீளும் என்பதை முதன்முதலில் கணக்காகச் சொன்னவர் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1921-ல் வெளியான அவரது கட்டுரை கண்ணாடியை வைத்து நடத்திய சோதனைகளைப் பற்றியதுதான். கண்ணாடியின் அணுப் பிணைப்புகளைக் கொண்டு கணக்கிட்டால் வரும் வலிமையில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கே நடைமுறையில் கிடைக்கிறது. எல்லாக் கண்ணாடியிலும் ஏற்கெனவே உள்ள நுண்ணிய பிளவுகளே காரணம் என்று காட்டினார். விரிசல் எவ்வளவு நீளமோ, அவ்வளவு குறைந்த விசையிலேயே அது மேலும் நீளும் என்பது அவர் கண்டது. அதனால்தான் நேற்று இரண்டு விரல் நீளம் இருந்த விரிசல் நாளைக்கு நான்கு விரல் ஆனால், அதற்கடுத்த நாள் முழுப் பலகையும் போய்விடலாம்.

இன்னொன்றும் உண்டு, இது பலருக்குத் தெரிவதில்லை. தண்ணீரே கண்ணாடியின் விரிசலை வளர்க்கும். கண்ணாடி என்பது சிலிக்கனும் ஆக்சிஜனும் கைகோத்த வலை. இழுபட்டு நிற்கும் விரிசல் நுனியில் தண்ணீரின் மூலக்கூறு புகுந்து அந்தக் கைகளை ஒவ்வொன்றாக விடுவிக்கிறது. விசை கூடாமலேயே, யாரும் தொடாமலேயே, நாள்கணக்கில் விரிசல் மெல்ல நகர்வது இப்படித்தான். மீன் தொட்டியின் விரிசலில் இழுப்பும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. வெளியே பசையைப் பூசுவதால் கசிவு நிற்கலாம். உள்ளே நுனி நகர்வது நிற்காது. கசிவு நின்றுவிட்டதே என்று நாம் நிம்மதியாக இருக்கும் நாட்கள்தான் எனக்கு அச்சம் தருபவை.

கார் முன்கண்ணாடியின் விரிசலை ரெசின் விட்டு அடைக்கிறார்களே என்று கேட்பார்கள். அந்தக் கண்ணாடி நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரண்டு அடுக்கு. பிளந்தாலும் படலம் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் நாள் முழுதும் தண்ணீரும் சாய்ந்திருப்பதில்லை.

ஒழுகலா, விரிசலா: கண்டுபிடிப்பது எப்படி?

வெளிப்பக்கம் முழுவதையும் துணியால் நன்றாகத் துடைத்துக் காய விடுங்கள். டார்ச் விளக்கைக் கண்ணாடிக்குச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் கண்ணாடியின் தடிமனுக்குள்ளே ஒரு மெல்லிய தகடு செருகியது போல வெள்ளியாக மின்னும். கோணத்தை மாற்றினால் மறைந்து மறைந்து தெரியும். வெறும் கீறல் அப்படி மின்னாது. மேற்பரப்பிலேயே மங்கலாகக் கிடக்கும். நகத்தால் மெல்லத் தடவினால் கீறலின் பள்ளம் தட்டுப்படும். கல்லோ ஸ்க்ரேப்பரோ பட்டு வந்த கீறல் என்றால் அப்படியே விட்டுவிடலாம், கண்ணை உறுத்தும் என்பதைத் தவிரக் கெடுதல் இல்லை. விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்திருந்தால் அது சிலிகான் இணைப்பு வரை போகிறதா, அதிலிருந்து கோடு ஏதும் கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். கிளம்பினால் அதுவும் விரிசல்தான். ‘ஏர்கிராக்தான் (மயிரிழை விரிசல்தான்), ஒன்றும் ஆகாது’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கண்ணாடியில் எதுவும் தெரியாமல் தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே வந்தால், அவசரப்படாமல் கவனியுங்கள். மட்டம் இறங்கி ஓரிடத்தில் நின்றுவிட்டால், ஓட்டை அந்த உயரத்தில்தான். நான்கு புறமும் செய்தித்தாளை விரித்து, மூலைகளில் டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பார்த்தால் எந்த மூலை என்பது தெரிந்துவிடும். தொட்டியில் குற்றமே இல்லாத ஒரு ‘ஒழுகலும்’ நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. கரண்ட் போனதும் ஏர் பம்ப் நிற்கும். பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் ஏர் டியூப் வழியாகத் தண்ணீர் தலைகீழாக இறங்கி வெளியே கொட்டும். டியூபில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் தீர்ந்தது.

சிலிகான் விட்டுப்போயிருந்தால்

இதை வீட்டிலேயே செய்யலாம். செய்யும் முறையில் பெரும்பாலோர் சறுக்கும் இடம் ஒன்றே ஒன்று: ஒழுகும் இடத்தில் பழைய சிலிகானின் மேலேயே புதிய சிலிகானைத் தடவுவது. இறுகிப்போன சிலிகானோடு புதிய சிலிகான் உறுதியாக ஒட்டாது. சில நாள் தாங்கும், பிறகு தோல் போல உரிந்து வரும்.

தொட்டியின் மூலையை உற்றுப் பார்த்தால் சிலிகான் இரண்டு இடத்தில் இருப்பது தெரியும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே சாண்ட்விச் போல இருப்பது ஒன்று. அதுதான் தொட்டியைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. உள்மூலையில் ஓரமாக இழுத்துவிட்ட பட்டை இன்னொன்று. அது நடுச் சிலிகானுக்குக் காவல். உள்பட்டை மட்டும் உரிந்திருந்தால் அதை மாற்றினால் போதும். நடுச் சிலிகானிலேயே வெள்ளையாகக் காற்றுப் படலம் பரவி, விரலால் அழுத்தினால் கண்ணாடி அசைகிறது என்றால் தொட்டியை முழுவதும் பிரித்துத்தான் ஒட்ட வேண்டும். அதைப் பழகியவரிடம் கொடுப்பதே நல்லது.

உள்பட்டையை மாற்ற, தொட்டியைக் காலி செய்து கழுவிக் காய வைக்கவும். ஒழுகும் மூலையை மட்டும் சுரண்டாமல், உள்ளே சுற்றிலும் எல்லா மூலையிலும் இருக்கும் பட்டையை எடுத்துவிடுவது உத்தமம். அப்போதுதான் புதியது எங்கும் பழையதைத் தொடாமல் ஒரே தொடராக வரும். புதிய பிளேடைக் கண்ணாடியோடு படிய வைத்து இழுங்கள். பிளேடு நடுச் சிலிகானுக்குள் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தேய்த்தால் ரப்பர் போல வழுக்காமல் பிடிக்கும் இடமெல்லாம் சிலிகான் மிச்சம் உள்ள இடம். அதையும் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ சுத்தமான அசிட்டோனோ நனைத்த துணியால் துடையுங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், அது வேண்டாம். இந்தச் சுரண்டும் வேலைக்கு அரை நாள் போகும். சிலிகான் தடவ அரை மணி நேரம்கூட ஆகாது. வேலையின் தரம் முழுக்க அந்த அரை நாளில்தான் இருக்கிறது.

எந்தச் சிலிகான்? டியூபில் மீன் தொட்டிக்கு உகந்தது என்று எழுதியிருக்க வேண்டும். கலப்பில்லாத நூறு சதவீத சிலிகானாக இருக்க வேண்டும். குளியலறைக்கும் சிங்குக்கும் விற்கும் சிலிகானில் பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்து கலந்திருக்கும். நமக்கு அது வசதி, மீனுக்கு விஷம். ஹார்டுவேர் கடையில் இரண்டும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், அதனால் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

மூலையின் இரு பக்கமும் சுமார் ஒரு சென்டிமீட்டர் தள்ளி மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் பட்டை நேராக வரும். சிலிகானை அழுத்தித் தள்ளும் ‘கன்’ கருவியில் டியூபை மாட்டி நிறுத்தாமல் ஒரே இழுப்பாக இழுங்கள். கையுறை போட்ட விரலால் ஐந்து நிமிடத்துக்குள் அழுத்தி வழித்துவிட்டு, ஈரம் காயும் முன்பே டேப்பை உரித்துவிட வேண்டும். பத்து இருபது நிமிடத்தில் மேலே தோல் கட்டிவிடும். அதன் பிறகு கை வைத்தால் பட்டை கிழியும்.

பிறகு காத்திருப்பு. வழக்கமான சிலிகான் காற்றிலுள்ள ஈரப்பதத்தை உறிஞ்சித்தான் இறுகுகிறது. இறுகும்போது அசிட்டிக் அமிலம் வெளிவரும்; வினிகர் வாடை அதனால்தான். வெளியிலிருந்து உள்நோக்கி ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இறுகும். ஆகவே மேலே தொட்டால் கெட்டியாக இருக்கிறது என்பதை நம்பக் கூடாது. சிறிய தொட்டிக்கு மூன்று நாள், பெரிய தொட்டிக்கு ஒரு வாரம். மூக்கை உள்ளே விட்டால் புளிப்பு வாடை கொஞ்சமும் வரக் கூடாது.

கண்ணாடியே விட்டிருந்தால்

வழிகள் மூன்று.

முதலாவது ஒட்டுக் கண்ணாடி. விரிசலை முழுவதும் மூடி, எல்லாப் பக்கமும் இரண்டு இன்ச்சாவது கூடுதலாக வரும்படி அதே தடிமனில் ஒரு கண்ணாடித் துண்டை வெட்டி வாங்கி, உள்பக்கமாக, குமிழி இல்லாமல் சிலிகான் நிரப்பி ஒட்டுவது. உள்ளே ஒட்டினால் தண்ணீரே அதை அழுத்திப் பிடிக்கும். வெளியே ஒட்டினால் தண்ணீர் அதைப் பிய்த்துத் தள்ளப் பார்க்கும். ஓரடி உயரத்துக்குள் இருக்கும் தொட்டியில், பின்பக்கமோ பக்கவாட்டிலோ, ஒரு மூலையோடு நிற்கும் சிறு விரிசலுக்கு இது ஒத்துவரலாம். அப்படி ஒட்டிய தொட்டியை முழுவதும் நிரப்பாமல் முக்கால் பங்கோடு நிறுத்துவேன். மர பீரோ பக்கத்திலோ படுக்கையறையிலோ வைக்கமாட்டேன். ஒன்றரை அடிக்கு மேல் உயரமான தொட்டிக்கும், முன்பக்கக் கண்ணாடிக்கும், அடிக் கண்ணாடிக்கும் இந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

இரண்டாவது, உடைந்த பலகையை மட்டும் மாற்றுவது. நூல் போன்ற மெல்லிய கம்பியையோ மீன்பிடித் தூண்டில் நரம்பையோ இணைப்புக்குள் விட்டு ரம்பம் போல இழுத்துச் சிலிகானை அறுத்து, பலகையைக் கழற்றி, மற்றக் கண்ணாடிகளின் விளிம்பெல்லாம் சுத்தமாக்கி, புதியதைப் பொருத்த வேண்டும். அளவு மில்லிமீட்டர் பிசகக் கூடாது. கண்ணாடியும் கண்ணாடியும் நேராக உரசாமல் நடுவே ஒரு மில்லிமீட்டராவது சிலிகானுக்கு இடம் இருக்க வேண்டும். நான்கடி, ஐந்தடித் தொட்டிகளில் இது லாபம். நல்ல நிலையில் உள்ள நான்கு பலகைகளை எறிய வேண்டியதில்லை. இரண்டடித் தொட்டியில் கண்ணாடி விலையையும் கூலியையும் கூட்டினால் புதுத் தொட்டியின் விலைக்கே வந்து நிற்கும். அடிக் கண்ணாடி விட்டிருந்தால் மற்ற நான்கும் அதோடு ஒட்டியிருப்பதால், எல்லாவற்றையும் பிரித்தே ஆக வேண்டும். அதற்குப் புதுத் தொட்டி மேல்.

மூன்றாவது வழி, புதுத் தொட்டி. வாங்கும்போது கண்ணாடியின் தடிமனைக் கேளுங்கள், கேட்டதோடு விடாமல் ஸ்கேல் வைத்து அளந்தும் பாருங்கள். இரண்டடி நீளம், ஓரடி உயரத்துக்கு 5 எம்.எம். போதும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி உயரம் என்றால் 8 எம்.எம். நான்கடி நீளம், இரண்டடி உயரம் என்றால் 12 எம்.எம். கேட்பேன். தடிமன் இரண்டு மடங்கானால் வளைவைத் தாங்கும் திறன் நான்கு மடங்காகும். சதுர அடிக் கணக்கில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு இதைவிட நல்ல பயன் கிடையாது. மேலே குறுக்காக ஒட்டும் பிரேஸ் கண்ணாடி, நீளமான பலகை நடுவில் புடைக்காமல் பிடித்துக்கொள்கிறது. விளக்கு மாட்ட இடைஞ்சல் என்று அதை எடுத்துவிடாதீர்கள்.

டஃபன்டு கண்ணாடி (சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்து வலுவாக்கியது) நல்லதா என்ற கேள்வி வரும். அது சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலிமையானது. ஆனால் அதன் வலிமை, மேற்பரப்பு எப்போதும் நசுங்கிய நிலையிலும் உள்ளே எப்போதும் இழுபட்ட நிலையிலும் இருப்பதால் வருகிறது. அந்தச் சமநிலை ஓரிடத்தில் உடைந்தால் முழுப் பலகையும் ஒரே நொடியில் கற்கண்டுத் துண்டுகளாகிவிடும். தண்ணீரை இறக்க நேரம் கிடைக்காது. சூடேற்றிக் குளிர்வித்த பிறகு அதை வெட்டவோ துளையிடவோ முடியாது என்பதால் ஒட்டு வேலைக்கும் உதவாது. உங்கள் தொட்டியில் விரிசல் கோடாக நிற்கிறது என்றாலே அது சாதாரணக் கண்ணாடிதான். அந்தக் கோடு நமக்குக் கிடைத்த எச்சரிக்கை. வீட்டுத் தொட்டிக்கு, தடிமனான சாதாரணக் கண்ணாடியே என் தேர்வு.

ஏன் விட்டது?

இதைக் கண்டுபிடிக்காமல் புதுத் தொட்டியை அதே இடத்தில் வைத்தால் அதே கதைதான். எங்கள் தொட்டியைக் காலி செய்து தூக்கிய பிறகுதான் காரணம் தெரிந்தது. ஸ்டாண்டின் மேல் போட்டிருந்த பலகை பார்ட்டிக்கிள் போர்டு. தண்ணீர் மாற்றும்போதெல்லாம் ஒரே மூலையில் சொட்டிச் சொட்டி, அந்த மூலை ஊறி உப்பியிருந்தது. ஒரு நாணயத்தின் தடிமன்கூட இல்லை. 190 லிட்டர் தண்ணீர், கண்ணாடி, கல், மணல் எல்லாம் சேர்த்து 230 கிலோவுக்கு மேல். அத்தனை பாரமும் அந்த உப்பலின் மேல் சாய்ந்து தொட்டியைத் துணி பிழிவது போல மெல்லத் திருகியிருக்கிறது. விரிசலும் சரியாக அந்த மூலையிலிருந்துதான் கிளம்பியிருந்தது.

பெரும்பாலான விரிசல்களின் பின்னால் இப்படியொரு மூலை இருக்கும். தண்ணீர் ஏற்றிய பிறகு தொட்டியை நகர்த்தியது, தொட்டிக்குள் வைக்கும் கற்களைக் கைதவறிப் போட்டது, தண்ணீருக்கு வெளியே எரிந்த ஹீட்டரின் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டுத் தெறித்தது என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடித்தளம்.

ஸ்டாண்டின் மேல் நீரில் ஊறாத பிளைவுட் பலகையோ கடப்பா கல்லோ போட்டு, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மூலைக்கு மூலையும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மட்டம் சரியில்லை என்றால் ஸ்டாண்டின் காலுக்கடியில் சரிசெய்யுங்கள், தொட்டிக்கும் பலகைக்கும் நடுவில் அட்டையை மடித்துச் செருகாதீர்கள். வெறும் கண்ணாடி அடியுள்ள தொட்டியாக இருந்தால், பலகையின் மேல் ஒரே துண்டாகத் தெர்மாகோல் தாள் விரிக்க வேண்டும். ஒட்டியிருக்கும் ஒரு மணல் பரலையும் அது தனக்குள் அமுக்கிக்கொள்ளும். அடியில் சுற்றிலும் பிளாஸ்டிக் சட்டம் உள்ள தொட்டிக்குத் தெர்மாகோல் வேண்டாம். அந்த வகையில் அடிக் கண்ணாடி தளத்தைத் தொடாமல், பாரம் சட்டத்தின் வழியாக இறங்கும்படி கட்டியிருப்பார்கள்.

புதிதாக ஒட்டியதோ புதிதாக வாங்கியதோ, ஹாலில் வைப்பதற்கு முன் நிழலான மொட்டை மாடியிலோ பால்கனியிலோ மட்டமான தளத்தில் நிரப்பிப் பார்க்க வேண்டும். முதலில் கால் பங்கு. சில மணி நேரம். பிறகு பாதி, ஒரு இரவு. பிறகு முழுவதும், இரண்டு நாள். ஒவ்வொரு முறையும் எல்லா மூலையிலும் டிஷ்யூ பேப்பரை ஒற்றி எடுங்கள்.

மீன்களைத் திருப்பி விடும்போது வாளியில் காத்த பழைய ஃபில்டரையே ஓட்டுங்கள். புதுத் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஆன்டி-குளோரின் மருந்து சேர்க்க வேண்டும். குளோரின் மீனின் செவுளை மட்டுமல்ல, ஃபில்டரில் உள்ள பாக்டீரியாவையும் கொல்லும். முதல் வாரம் தீவனத்தைப் பாதியாகக் குறைத்து, முடிந்தால் அமோனியா டெஸ்ட் கிட்டால் பார்த்துக்கொண்டே இருங்கள்.

எங்கள் வீட்டில் அன்று பிளந்தது முன்பக்கக் கண்ணாடி. அண்ணனிடம் தொட்டியைக் கொண்டு போனபோது, மற்ற நான்கு பலகைகளின் விளிம்பையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் 6 எம்.எம்.தான் தம்பி, இந்த உயரத்துக்குப் பத்தாது. முன்னாடி மட்டும் மாத்தி என்ன பண்றது?” என்றார். 8 எம்.எம்.மில் புதிதாக ஒட்டித் தந்தார். பழைய பின்கண்ணாடியை இரண்டாக வெட்டி, விளிம்பைத் தேய்த்து, புதுத் தொட்டிக்கு மூடியாக்கிக் கொடுத்தார். மொட்டை மாடியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. மூன்றாம் நாள் காலை நான்கு மூலையிலும் ஒற்றிய டிஷ்யூ காய்ந்தே இருந்தது. அன்று மாலை, நீல டிரம்மில் பதினோரு நாள் கிடந்த நான்கு கோல்டுஃபிஷ்களும் வீடு திரும்பின.